கேசினோ எரிந்த கதையை ஏன் இன்னும் எல்லாரும் வாசிக்கிறார்கள்?

தையல்கடை கோமதி கேட்டது:

எங்கள் தையல்கடைக்கு மேல் மாடியில் கிட்டார் வகுப்பு நடக்கிறது. சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் முதுகில் பையோடு வந்துவிடுவார்கள். ஆறாம் வகுப்புப் பையனாக இருந்தாலும் சரி, ஐ.டி. கம்பெனியிலிருந்து நேராக வருகிற பெண்ணாக இருந்தாலும் சரி, கையில் கிட்டார் வந்ததும் வாசிப்பது ஒன்றைத்தான்: ட-ட-டா, ட-ட-டடா, ட-ட-டா, ட-டா. பட்டன் ஓட்டை போடும்போதுகூட என் கை அந்தத் தாளத்துக்குப் போய்விடுகிறது.

மாஸ்டரிடம் கேட்டேன். "ஸ்மோக் ஆன் தி வாட்டர், டீப் பர்ப்பிள், 1972" என்றார். வீட்டில் போய் யூடியூபில் கேட்டேன். பாட்டு பிடித்துப்போயிற்று, அது வேறு விஷயம். வரிகளைத் தேடி, மகளிடம் அர்த்தம் கேட்டபோதுதான் குழப்பம். காதல் இல்லை, பிரிவு இல்லை, ஊர் உலகத்துக்குச் சொல்ல ஒரு கருத்தும் இல்லை. ஒரு கட்டடம் எரிந்தது, நாங்கள் வேறு இடம் தேடி அலைந்தோம், கடைசியில் ஒரு ஹோட்டலில் ரெக்கார்டிங்கை முடித்தோம், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்த மனு மாதிரி இருக்கிறது.

அந்தத் தீ உண்மையிலேயே நடந்ததா? இதைவிட நல்ல வரிகள் உள்ள பாட்டெல்லாம் காணாமல் போயிருக்க, இது மட்டும் 50 வருடத்துக்கு மேல் எப்படி நிற்கிறது? எனக்கு இங்கிலீஷ் பாட்டில் பழக்கம் குறைவு. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

இரண்டாம் ஷிப்ட்:

அக்கா, ரொம்ப யோசிக்க வேண்டாம். சுலபம், அதனால் நிற்கிறது. ஒரே தந்தியில் ஒரு விரலை வைத்து வாசித்துவிடலாம். 0-3-5, 0-3-6-5, 0-3-5, 3-0. எத்தனையாவது கட்டத்தில் விரல் வைக்க வேண்டும் என்பதுதான் இந்த எண்கள். நானும் முதல் வகுப்பில் இதைத்தான் வாசித்தேன். அதற்குப் பிறகு பெரிதாக முன்னேறவும் இல்லை.

---

பழைய பேஸ்காரன்:

கோமதி அம்மா, தீ நிஜம். நான் ஹோட்டல் பேண்டுகளில் பேஸ் கிட்டார் வாசித்துப் பிழைத்தவன். முதலில் சென்னை, அப்புறம் துபாய், மஸ்கட். இந்தப் பாட்டை யாராவது கேட்காமல் ஒரு வாரம் போனதாக ஞாபகம் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், கடையில் வேலை முடித்துவிட்டுப் படியுங்கள்.

ஊர் சுவிட்சர்லாந்தில் மோன்த்ரோ. ஜெனிவா ஏரிக்கரையில் இருக்கிறது. 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழுவின் ஐந்து பேரும் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய அங்கே வந்து இறங்கினார்கள். மேடையில் வாசிக்கும்போது தங்களுக்கு வருகிற சத்தம் ஸ்டுடியோவுக்குள் வர மாட்டேன் என்கிறது என்று அவர்களுக்கு ஒரு குறை. அதனால் ஸ்டுடியோ வேண்டாம், கேசினோவில் உள்ள அரங்கத்திலேயே வாசிப்போம் என்று திட்டம். பதிவுக் கருவிகள் ஒரு லாரிக்குள் இருந்தன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் லாரி அது, இவர்கள் வாடகைக்கு எடுத்தது. பாட்டில் அந்த லாரியும் வருகிறது.

கேசினோவில் குளிர்காலத்துக்கு முன் ஒரே ஒரு நிகழ்ச்சி பாக்கி இருந்தது. டிசம்பர் 4, ஃபிராங்க் ஸப்பாவின் குழு. அது முடிந்தால் அரங்கம் இவர்கள் கையில். டீப் பர்ப்பிள் ஆட்களும் பார்க்கப் போயிருந்தார்கள். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது கூட்டத்தில் எவனோ ஒருவன் ஃபிளேர் துப்பாக்கியைத் தூக்கிக் கூரையைப் பார்த்துச் சுட்டான். கடலில் ஆபத்து என்றால் கப்பலிலிருந்து வெளிச்சம் விடுவார்களே, அந்தத் துப்பாக்கி. மேலே பிரம்புக் கூரை. பிடித்துக்கொண்டது. கட்டடம் முழுக்கப் போயிற்று, ஸப்பாவின் வாத்தியங்களும் போயின. உயிர்ச்சேதம் மட்டும் இல்லை. உள்ளே பயந்து ஒளிந்துகொண்ட பையன்களைக்கூட கிளாட் நாப்ஸ் என்பவர் இழுத்து வெளியே கொண்டுவந்தார். மோன்த்ரோ ஜாஸ் விழாவை 1967-ல் தொடங்கிவைத்தவர் அவர். பாட்டில் 'ஃபங்கி கிளாட்' என்று வருகிறதே, அது இவர்தான்.

தப்பித்து வந்தவர்கள் ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏரித் தண்ணீர்மேல் புகை படர்ந்து கிடக்கிறது. சில நாள் கழித்து ரோஜர் குளோவர் (நம்ம ஆள், பேஸ் கிட்டார்) தூக்கத்திலிருந்து எழும்போது வாயில் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (தண்ணீர்மேல் புகை) என்ற வார்த்தைகள் இருந்தன. பாடகர் இயன் கில்லனிடம் சொன்னபோது, "இது என்னமோ போதைப்பொருள் பாட்டு மாதிரி கேட்கிறதே" என்று தயங்கினாராம்.

அந்த இடைவெளியில் பதிவுக்கு இடம் வேண்டுமே. பெவிலியன் என்று பக்கத்தில் ஒரு பழைய அரங்கம் கிடைத்தது. ராத்திரியில் அங்கே ஆம்ப்பை (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) திறந்துவிட்டு ஒரு புது மெட்டை வாசிக்க ஆரம்பித்தார்கள். அமைதியான ஊர், அக்கம்பக்கத்தில் தூக்கம் கெட்டது, போலீஸ் வந்தது. கதவைத் தட்டத் தட்ட, குழுவின் எடுபிடி ஆட்கள் உள்ளே இருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொள்ள, டேக் முடிந்தது. உங்கள் மாடியில் கேட்கிற ட-ட-டா அந்த ராத்திரியில் பதிவானதுதான். அப்போது அதற்கு வரிகளும் இல்லை, பெயரும் இல்லை. சும்மா 'டைட்டில் நம்பர் 1' என்று குறித்து வைத்திருந்தார்கள்.

அங்கேயும் துரத்திவிட்டார்கள். பிறகு கிடைத்தது கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஹோட்டல், ஆள் இல்லை, சூடு இல்லை. நடைபாதையில் மெத்தைகளை நிறுத்திச் சத்தத்தை அடக்கி, அங்கேயே டிரம்ஸ், ஆம்ப் எல்லாம் போட்டு வாசித்தார்கள். லாரி வெளியே. பதிவானதைக் கேட்க வேண்டும் என்றால் அறைகள், பால்கனிகள் எல்லாம் தாண்டிப் பனியில் நடந்து போக வேண்டும். கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நன்றாக வந்திருக்கும் என்று நம்பி அடுத்ததற்குப் போவது! இன்றைக்கு ஒரு வரியை நாற்பது முறை கேட்டுத் திருத்துகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆல்பம் முடிகிற சமயத்தில் கணக்குப் பார்த்தால் தட்டை நிரப்ப நிமிடங்கள் போதவில்லை. இன்னொரு பாட்டு வேண்டும். என்ஜினியர் மார்ட்டின் பர்ச், அந்த முதல் இடத்தில் போலீஸ் வந்தபோது பண்ணினோமே ஒன்று, அது இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தினார். வரிக்கு விஷயம்? கில்லனும் குளோவரும் நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். உங்களுக்கு மனு மாதிரி தோன்றுவதற்குக் காரணம் அதுதான் அம்மா. இடத்தை நிரப்ப எழுதியது.

அவர்களே இதைப் பெரிதாக நினைக்கவில்லை. 'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. சிங்கிளாக (ஒரு பாட்டுக்கென்று தனித் தட்டாக) முதலில் வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறு பாட்டு. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' அமெரிக்காவில் சிங்கிளாக வந்ததே 1973 மே மாதம்தான். பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் நாலாவது இடம் வரை ஏறியது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சுலபம் என்று தம்பி சொன்னது சரி, ஆனால் பாதிதான் சரி. ஹோட்டல் மேடையில் நின்று நான் கண்டது: மோசமாக வாசித்தாலும் தாங்குகிற பாட்டுதான் நிற்கும்.

ஒரு பெரிய ஹோட்டல், பெயர் வேண்டாம். வருடக் கடைசி பார்ட்டி. டிரம்மருக்குக் காய்ச்சல், அவர் தம்பியைப் பிடித்து உட்கார வைத்திருந்தோம். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு அடி. நடுவில் மேடைக்கு வந்த ஒயர் எங்கேயோ சூடாகி, கீபோர்டு பக்கம் கரண்ட் போயிற்று. ஹோட்டல்காரர்கள் வந்து பார்க்கவே இல்லை, கேட்டால் எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மிச்சம் இருந்தது கிட்டாரும் என் பேஸும் அந்தப் பையனும். அடுத்த பாட்டு பட்டியலில் ஏதோ ஒரு டூயட், கீபோர்டு இல்லாமல் அதை எடுக்கவே முடியாது. கிட்டாரிஸ்ட் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவர் ட-ட-டா ஆரம்பித்தார். மேசைகளிலிருந்து கைதட்டல். பாடகருக்கு இரண்டாவது சரணம் மறந்துபோய் முதல் சரணத்தையே திரும்பப் பாடினார், ஒருவரும் கவனிக்கவில்லை. பல்லவி வந்ததும் அவர்களே பாடினார்கள். கரண்ட் வருகிற வரை ஓட்டினோம்.

இதே நிலைமையில் 'பில்லி ஜீன்' எடுத்திருந்தால் கதை கந்தல். அந்தப் பாட்டின் உயிர் டிரம்ஸும் பேஸும் ஒரு மயிரிழை பிசகாமல் போவதில் இருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் என்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன் அதை 91 முறை மிக்ஸ் செய்துவிட்டு (தனித்தனியாகப் பதிந்த சத்தங்களை அளவு பார்த்துச் சேர்ப்பது), கடைசியில் இரண்டாவது மிக்ஸையே எடுத்துக்கொண்டார் என்பார்கள். அது அப்படிக் கேட்பதற்கென்றே செய்த பாட்டு. தப்பாக வாசித்தால் உடனே தெரிந்துவிடும். கேட்க எனக்கு அதுதான் பிடிக்கும். வாசிக்க இது.

---

மயிலை மத்யமம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதை ஜி-யை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ச க ம, ச க ம ம, ச க ம, க ச. காந்தாரம் சாதாரண காந்தாரம். இரண்டாவது சுற்றில் வரும் இரண்டு மத்யமத்தில் முதலாவது பிரதி மத்யமம், உடனே சுத்த மத்யமத்துக்கு இறங்கிவிடுகிறது. பஞ்சமம் மேல்பக்கம் வரவே இல்லை. மேலே ஏறப் போகிற மாதிரி காட்டிவிட்டு ஏறாமல் திரும்புகிறதே, அந்த இடம்தான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறது. மொத்தமே நாலு ஸ்வரம். வரிசை சொல்லிக்கொடுக்கும் டீச்சராக எனக்குப் பொறாமையாக இருக்கிறது, என் பிள்ளைகள் ஸரளி வரிசையை யாரும் கேட்காமல் வீட்டில் பாடியதாக வரலாறு இல்லை.

---

பழைய பேஸ்காரன்:

டீச்சர், பிரமாதம். அந்தப் பஞ்சமம் மேலே வராவிட்டாலும் கீழே இருக்கிறது. டீப் பர்ப்பிள் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் ஒற்றைத் தந்தியில் வாசிக்கவில்லை. நாலாவது தந்தி, மூன்றாவது தந்தி இரண்டையும் சேர்த்து இழுக்கிறார். உங்கள் ஷட்ஜம் வரும்போது அதற்குக் கீழே மந்தர பஞ்சமமும் கூடவே ஒலிக்கிறது, மற்ற ஸ்வரங்களுக்கும் அதே இடைவெளியில் ஒரு துணை.

'இரண்டாம் ஷிப்ட்' தம்பி பாதிதான் சரி என்று நான் சொன்னது இதற்காகத்தான். பிக் (தந்தியை மீட்டுகிற சின்னத் துண்டு) வைத்து அடித்தால் ஒரு தந்தி முன்னால், ஒரு தந்தி பின்னால் என்று சின்னதாக உரசல் கேட்கும். பிளாக்மோர் பிக்கை விட்டுவிட்டு விரல்களால் இரண்டையும் ஒரே நேரத்தில் கிள்ளி எடுக்கிறார், அதனால் இரண்டும் ஒரே ஸ்வரமாக ஒட்டி வருகிறது. அப்புறம் ஜான் லார்டு. அவர் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டு, கரகரப்பாக்கி, அதே மெட்டைக் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கிறார். பல பேர் இரண்டு கிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹெட்போன் போட்டு ஆரம்பத்தைக் கேளுங்கள். முதலில் கிட்டார் மட்டும். பிறகு ஹை-ஹாட்டும் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தட்டு) ஆர்கனும். பிறகு மிச்ச டிரம்ஸ். கடைசியாகத்தான் பேஸ் வருகிறது, வந்ததும் தரை இறுகுவது தெரியும். ஒவ்வொருவராக வீட்டுக்குள் வந்து உட்காருகிறார்கள். கற்றுக்கொள்கிறவனுக்கு இது பெரிய வசதி, எந்த இடத்தில் யார் சேர வேண்டும் என்று பாட்டே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

---

கல்யாணக் கச்சேரி கீபோர்டு:

பேஸ்கார அண்ணன் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். தயாரித்தவர்கள் பந்தயம் கட்டிய பாட்டு ஒன்று, ஜனம் எடுத்துக்கொண்ட பாட்டு இன்னொன்று என்பது இந்த ஒரு பாட்டோடு நிற்கவில்லை. இசைத்தட்டு காலத்தில் இதற்குப் பெயரே உண்டு: பி சைடு. கம்பெனி நம்புகிற பாட்டு ஏ பக்கம், ஒப்புக்குப் போடுவது பி பக்கம்.

குளோரியா கேய்னரின் 'ஐ வில் சர்வைவ்' 1978-ல் பி பக்கத்தில் வந்தது. ஏ பக்கத்தில் இருந்த 'சப்ஸ்டிட்யூட்' இன்று யாருக்குத் தெரியும்? அந்த அம்மா அப்போது மேடையில் விழுந்து முதுகெலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டு, உடம்பில் பிரேஸ் கட்டிக்கொண்டுதான் ஸ்டுடியோவில் நின்று பாடினார். எழுதிய இருவரில் ஒருவரான டினோ ஃபெகாரிஸ் மோட்டவுன் கம்பெனியில் வேலை இழந்தவர். பிழைத்துக்கொள்வேன் என்று அவர் எழுதியது தன் வேலையைப் பற்றி, அந்த அம்மா பாடியது தன் முதுகைப் பற்றி, கேட்கிறவர்கள் விட்டுப்போன புருஷனைப் பற்றி. கம்பெனி கண்டுகொள்ளாததால் தட்டுகளை நியூயார்க்கில் ஸ்டூடியோ 54 டிஸ்கோவின் டிஜே ரிச்சி கஸோரிடம் கொடுத்தார்கள். அவர் தட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். 1979 மார்ச்சில் அமெரிக்காவில் முதலிடம். அடுத்த வருடம் சிறந்த டிஸ்கோ பாட்டு என்று கிராமி விருது கொடுத்தார்கள். அந்தப் பிரிவு அந்த ஒரு வருடம்தான் இருந்தது, அப்புறம் எடுத்தேவிட்டார்கள். டிஸ்கோ போயிற்று, பாட்டு போகவில்லை.

அண்ணன் சொன்ன 'மோசமாக வாசித்தாலும் தாங்கும்' என்பது இதற்கும் பொருந்தும். கையில் வாசித்துப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், பாட்டு முழுவதும் எட்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) கொண்ட ஒரே வட்டம்தான். ஏ மைனரில் தொடங்கி சுற்றி வந்து ஈ-யில் நிற்கும், மறுபடியும் ஏ மைனர். சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று என்று தனியாக எதுவும் கிடையாது. ரிசப்ஷனில் மணப்பெண்ணின் சித்தி மைக்கைப் பிடுங்கிப் பாட ஆரம்பித்து, எங்கே வேண்டுமானாலும் சேரட்டும், நான் வட்டத்தை ஓட்டிக்கொண்டே இருந்தால் போதும், எப்படியும் கரை சேர்ந்துவிடுவார்.

---

கணக்குப்பிள்ளை:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிழைத்ததை மட்டும் பார்த்துவிட்டுப் பிழைத்த காரணம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நாலு ஸ்வரத்தில் சுலபமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) வைத்த பாட்டு ஆயிரக்கணக்கில் வந்து செத்திருக்கிறது. பி பக்கத்தில் போட்டதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அங்கேயே புதைந்தது. நீங்கள் இறந்தவர்கள் பட்டியலைப் பார்க்கவே இல்லை.

என்னைக் கேட்டால் பாட்டு நிற்பது அதிர்ஷ்டத்தாலும் வியாபாரத்தாலும். 'ராக் அரவுண்ட் தி கிளாக்' 1954-ல் பி பக்கமாக வந்து பெரிதாகப் போகவில்லை. அடுத்த வருடம் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தின் தொடக்கத்தில் போட்டார்கள், உலகமே ஆடியது. கேட் புஷ் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' 1985-ல் பிரிட்டனில் மூன்றாவது இடம். 2022-ல் ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வந்ததும் முதலிடம், 37 வருடம் கழித்து! பாட்டில் ஒரு ஸ்வரமாவது மாறியதா? இல்லை. சந்தர்ப்பம் மாறியது.

அப்புறம் முக்கியமானது. மோசமாக வாசித்தாலும் தாங்க வேண்டும் என்றால் 'போஹீமியன் ராப்சடி' எப்படி ஐயா நிற்கிறது? ஆறு நிமிடத்துக்கு ஐந்து நொடி குறைவு. நடுவில் ஆபரா (மேற்கத்திய இசை நாடகப் பாணி). எந்த ஹோட்டல் பேண்டு அதை வாசிக்கும்?

---

பழைய பேஸ்காரன்:

கணக்குப்பிள்ளை, சினிமா கதவைத் திறந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எத்தனையோ பாட்டு படத்தில் வந்து அந்த மாதத்தோடு போயிருக்கிறது. திறந்த கதவு வழியாக நடந்து வர பாட்டுக்குக் கால் வேண்டுமே. கேட் புஷ் பாட்டின் அந்த கீபோர்டு மெட்டைத் தொடரில் கேட்ட பிள்ளைகள் மறுநாளே போனில் வாயால் பாடிப் போட்டார்கள்.

'போஹீமியன் ராப்சடி' நல்ல கேள்வி. பதில், எந்த ஹோட்டல் பேண்டும் முழுதாக வாசிக்காது. அதைவிட, அதைப் பாடிய குவீன் குழுவே மேடையில் அதை முழுதாக வாசித்ததில்லை! ஆபரா பகுதி வந்ததும் நாலு பேரும் மேடையை விட்டுப் போய்விடுவார்கள், டேப் ஓடும், விளக்கு மட்டும் ஆடும். ராக் பகுதிக்குத் திரும்பி ஓடி வருவார்கள். 24 டிராக் டேப்பில் குரல்மேல் குரலாக ஏற்றி ஏற்றி, டேப்பே தேய்ந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூன்று பேர் தொண்டையில் கட்டிய கோரஸ் அது, மேடையில் எப்படி எடுப்பது?

கம்பெனி இதையும் நம்பவில்லை, ரேடியோவுக்கு நீளம் அதிகம் என்றது. லண்டன் கேப்பிட்டல் ரேடியோவில் கென்னி எவரெட், தட்டு கடைக்கு வரும் முன்பே ஒரே சனி ஞாயிறில் 14 முறை போட்டார். 1975 கடைசியில் பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம். குவீன் பாடகர் ஃபிரெடி மெர்குரி இறந்த 1991-ல் மறுபடியும் முதலிடம்.

வாசிக்க முடியாதுதான். பாட முடியுமே. 2017 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் கிரீன் டே கச்சேரி. அவர்கள் மேடைக்கு வரும் முன் ஸ்பீக்கரில் இந்தப் பாட்டைப் போட்டார்கள். மேடை காலி. பத்தாயிரக்கணக்கான பேர் முதல் சொல்லிலிருந்து கடைசி வரை பாடினார்கள், கிட்டார் சோலோ உட்பட வாயாலேயே. வீடியோ கிடைக்கும், பாருங்கள். சுருதி அங்கங்கே போகிறது, ஆபராவில் யார் எந்தக் குரல் என்று தெரியாமல் எல்லாரும் எல்லாவற்றையும் பாடுகிறார்கள். பாட்டு அசையவில்லை. நான் சொன்னது இதைத்தான். அங்கே ஹோட்டல் பேண்டு வாசிக்கத் தேவையில்லை, கூட்டமே பேண்டு.

---

கணக்குப்பிள்ளை:

சரி, அரை மார்க் தருகிறேன். ஆனால் தோற்ற பாட்டு ஒன்றையாவது வைத்து நிரூபியுங்கள். டீப் பர்ப்பிள் நம்பிய அந்த 'நெவர் பிஃபோர்', அதுவும் அதே ஐந்து பேர், அதே ஹோட்டல், அதே லாரி. அது ஏன் செத்தது?

---

தையல்கடை கோமதி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக் கேட்டோம். கடைசியில் பேஸ் வருகிற இடம் தெரிந்தது. மாஸ்டரிடம் விரலால் கிள்ளுவதைச் சொன்னேன், "உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஒரு மாதிரி பார்த்தார். கணக்குப்பிள்ளை கேட்டதற்குப் பதில் எனக்கும் வேண்டும்.

---

பழைய பேஸ்காரன்:

நியாயமான கேள்வி. கேட்டதும் 'நெவர் பிஃபோர்' ஒன்றிரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

கெட்ட பாட்டு இல்லை. ஆரம்பத்தில் ஒரு ஃபங்க் நடை, பேஸ்காரனுக்கு அதில் நல்ல தீனி. அது சட்டென்று நின்று நேர் ராக் நடைக்குத் தாவுகிறது. நடுவில் எல்லாம் அடங்கி மிதக்கிற மாதிரி ஒரு பகுதி, அப்புறம் மறுபடியும் வேகம். கம்பெனிக்கு ஏன் பிடித்தது என்று புரிகிறது, மூன்று நான்கு நிமிடத்துக்குள் எல்லாச் சரக்கும் இருக்கிறது, ரேடியோவுக்கு வாகு. ஆனால் அந்தத் தாவல்கள் ஒவ்வொன்றிலும் ஐந்து பேரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இயன் பெய்ஸ் மாதிரி டிரம்மர் இருந்தால் திரும்பலாம். நான் முதலில் சொன்ன டிரம்மர் தம்பி மாதிரி ஒருவன் உட்கார்ந்திருந்தால் முதல் திருப்பத்திலேயே வண்டி குடை சாய்ந்துவிடும். அதனால் எந்த பேண்டும் எடுக்கவில்லை. பேண்டு எடுக்காததால் அடுத்த பையன் மேடையில் கேட்கவில்லை. கேட்காததால் கிட்டார் கடையில் போய் வாசித்துப் பார்க்கவில்லை.

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' விஷயத்தில் இந்தச் சங்கிலி அறுபடவே இல்லை. 1983-ல் கில்லன் பிளாக் சப்பாத் குழுவில் பாடகராகப் போனபோது, அவர்கள் போட்டிக் குழுவின் பாட்டாயிற்றே என்று பார்க்காமல் மேடையில் வாசித்தார்கள். ஆர்மீனியா நிலநடுக்கத்துக்கு நிதி திரட்ட 1989-ல் பிரையன் மே, டேவிட் கில்மோர், டோனி அயோமி என்று பெரிய தலைகள் எல்லாம் கூடியபோது எந்தப் பாட்டை எடுப்பது என்ற பிரச்சினைக்கு இதுதான் விடையாயிற்று. ஆளுக்கு ஒரு பாணி, ஒத்திகைக்கு நேரம் இல்லை, ஆனால் இது எல்லாருக்கும் தெரியும். 2007-ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிட்டார்காரர்கள் ஒரே இடத்தில் கூடி வாசித்துச் சாதனை என்று பதிவு செய்தார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து வாசித்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், அங்கேயும் தாங்கியது.

கோமதி அம்மா, மாஸ்டர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும். ஸ்டுடியோ பதிவைக் கேட்டாயிற்று என்றால் அடுத்து 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தில் உள்ளதைக் கேளுங்கள், 1972 ஆகஸ்டில் ஒசாகா மேடையில் எடுத்தது. மேலே உள்ள பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். பிளாக்மோர் ஆரம்பிக்கும்போதே ரிஃப்பை வேண்டுமென்று கொஞ்சம் மாற்றி விளையாடுகிறார், கூட்டம் அதைக் கண்டுபிடித்துத் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பிக்கிறது. கடைசியில் ஜான் லார்டும் அவரும் மாறி மாறி ஒருவரையொருவர் சீண்டுகிற பகுதி ஒன்று வரும். அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். கணக்குப்பிள்ளை மிச்ச அரை மார்க்கை அதற்குப் பிறகு தந்தால் போதும்.